மருத்துவ முகாமுக்குப் புறப்படும் முன் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பாளையங்கோட்டையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்கள் சபையின் வாலிபர் குழு, வரும் மே மாதத்தில் ஜார்கண்டில் உள்ள ஒரு பழங்குடிக் கிராமத்துக்குச் சென்று, பத்து நாள் தங்கி, மருத்துவ முகாம் நடத்தவும் சுகாதாரம் கற்றுக்கொடுக்கவும் திட்டமிட்டுள்ளது. ஊழியத்துக்கென்று என்னை அழைத்திருக்கிறார்கள், எனக்கும் விருப்பம்தான். ஆனால் என் அண்ணன், "இதெல்லாம் மதமாற்றத்துக்குப் போடும் தூண்டில்" என்கிறார். என்னுடன் பணியாற்றும் மருத்துவரோ, "எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்து நாளில் என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்? மாத்திரையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்கிறார். இருவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் கருத்து என்ன? (பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

மருத்துவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதுவும் வேலூரில் படித்த இருவரால், செய்து காட்டப்பட்டுவிட்டது.

ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்ற கிறிஸ்தவத் தம்பதியர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் மாவட்டத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது, குணமாகி வீடு திரும்பியவர்களே அதே நோயோடு மறுபடியும் வந்து நிற்பதையும், அந்த நோய்களில் பெரும்பாலானவை வராமலே தடுத்திருக்கக் கூடியவை என்பதையும் கண்டார்கள். மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்று, 1970இல் திரும்பி, அதே மாவட்டத்தில் மழை பொய்க்கும் ஜாம்கேட் பகுதியில் வேலையைத் தொடங்கினார்கள். அங்கே அன்று பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன.

முதலில் அவர்களும் எல்லோரையும் போலத்தான் யோசித்தார்கள். பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அது பலிக்கவில்லை. செவிலியர்களுக்கு ஊரில் தங்க மனமில்லை, ஊர்ப் பெண்களுக்கு அவர்கள் பேச்சில் நம்பிக்கையில்லை. செவிலியரான உங்களுக்கு இது சற்றுக் கசக்கலாம், ஆனால் ஜாம்கேட்டின் கதை தொடங்குவதே இந்தத் தோல்வியில்தான். அதன்பின் ஒவ்வொரு கிராமமும் தன்னிலிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்து அனுப்பியது. அவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள், கணிசமானோர் தலித் பெண்கள். வாராவாரம் ஜாம்கேட்டுக்கு வந்து, சாதி பாராமல் ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தங்கி, கற்றதை ஊரில் செய்து பார்த்துவிட்டு, மறுவாரம் வந்து நடந்ததைச் சொல்வார்கள். அடுத்த பாடம் அதிலிருந்தே தொடங்கும்.

கற்றவை என்ன? வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அஞ்சி, வாயை நனைக்கக்கூட விடாத வழக்கம் அங்கே இருந்தது. குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கும், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுவதற்கும் எழுத்து தேவையில்லை. உப்பு கூடிவிடக் கூடாது என்பதை நாக்கே சொல்லிவிடும்; கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிட வேண்டும். வயிற்றுப் பிள்ளை பெரிதானால் பிரசவம் சிக்கலாகும் என்று கர்ப்பிணிகள் உணவைக் குறைத்துக்கொள்வதை மாற்றுவதும், தொப்புள்கொடியை அறுக்கப் புதிய பிளேடும் கொதிக்கவைத்த நூலும் வேண்டும் என்பதும், உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் தொழுநோயோ என்று ஐயப்படுவதும் அப்படியே. இவற்றையெல்லாம் நடுஇரவில் கதவைத் தட்டினாலும் வரக்கூடிய, அதே ஊர்ப் பெண் ஒருத்தி செய்தாள் என்பதுதான் பெரிய வேறுபாடு. 1990களில் அந்தக் கிராமங்களில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு முப்பதுக்கும் கீழே வந்தது.

மருந்தினால் மட்டும் வந்த மாற்றமல்ல அது. குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்ட இடம் பார்த்தபோது, ஆரோளே தம்பதியர் தலித் குடியிருப்புகளிலேயே தோண்ட வைத்தார்கள். குடம் ஏந்தி வர வேண்டியவர்கள் இம்முறை மற்றவர்கள். சுகாதாரக் கல்வி என்று நாம் சொல்லும் கைகழுவும் பாடத்தைவிட இது எவ்வளவு முன்னே செல்கிறது என்பதை உங்கள் குழுவினர் யோசிக்க வேண்டும்.

திருச்சபைகளும் இந்த இடத்துக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1960களில் உலகத் திருச்சபைகள் மன்றம் தன் சார்பு மருத்துவப் பணிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 95 சதவீதம் நோய் வந்தபின் குணப்படுத்துவதிலேயே செலவாகிறது என்று தெரிந்தது. அதையடுத்து 1968இல் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் அமைந்தது. அதை வழிநடத்திய ஜேம்ஸ் மெக்கில்வரே வேலூர் மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருந்தவர். ஜெனிவாவில் அந்த ஆணையமும் உலக சுகாதார நிறுவனமும் பேசிப் பகிர்ந்துகொண்டவற்றில் ஜாம்கேட்டும் உண்டு. 1978இல் கஜகஸ்தானின் அல்மா அட்டா நகரில் ஆரம்ப சுகாதாரம் குறித்து வெளியான பிரகடனத்துக்குப் பின்னால் இத்தகைய முன்னோடிகள் இருந்தார்கள். ஊர்ப் பெண்ணையே சுகாதாரப் பணியாளராக்கும், 2005இல் நம் நாட்டில் தொடங்கிய 'ஆஷா' திட்டத்துக்கும் ஜாம்கேட் ஒரு முன்மாதிரி.

இனி உங்கள் அண்ணனின் கேள்வி. அவருடைய ஐயத்தை வெறுப்பு என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. நோயுற்ற குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், மருந்து கொடுப்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். மறுக்கும் சுதந்திரம் இல்லாத ஒருத்தியிடம் எதை முன்வைத்தாலும் அது வற்புறுத்தல்தான், அன்போடு சொன்னாலும்கூட. ஆசை காட்டியோ கட்டாயப்படுத்தியோ மதம் மாற்றுவதற்கு எதிராக ஜார்கண்டில் 2017 முதல் சட்டமே இருக்கிறது, ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. ஆரோளே தம்பதியர் தங்கள் விசுவாசத்தை ஒருபோதும் மறைத்ததில்லை. அவர்களிடம் பயின்ற பெண்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இந்துக்களாகவே இருந்து பணி செய்தார்கள். இயேசுவுக்காகத்தான் வந்தேன் என்று கேட்பவரிடம் நீங்களும் தயங்காமல் சொல்லலாம். ஆனால் முகாமில் துண்டுப்பிரசுரமும் மருந்துச் சீட்டும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. உங்கள் குழுத்தலைவர் இதற்கு உடன்படாவிட்டால் நீங்கள் போகாமலிருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

பத்து நாளில் என்ன செய்யலாம்? இரத்த அழுத்தம் பார்த்துப் பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருவதை மருத்துவ உதவி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதினோராம் நாள் அந்த மனிதர் எங்கே போவார் என்பதற்கு விடை இருந்தால் மட்டும் கொடுங்கள். ஜார்கண்டில் ஆஷா பணியாளரை 'சஹியா' என்று அழைப்பார்கள். நீங்கள் போகும் கிராமத்தில் அப்படி ஒருத்தி இருப்பாள், அந்த ஊர் மொழியும் ஒவ்வொரு வீட்டின் கதையும் அவளுக்குத் தெரியும். வகுப்பை அவள் நடத்தட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு ஐயமுள்ள இடங்களில் மட்டும் துணை செய்யுங்கள். ஊரார் முன்னிலையில் அவளுடைய மதிப்பு கூடினால், உங்கள் பயணச் செலவு வீணாகவில்லை. மாறாக, வெள்ளைக் கோட்டு அணிந்த உங்களைக் கண்டு அவளை ஊர் குறைத்து மதித்தால், நீங்கள் கெடுதலே செய்து திரும்புகிறீர்கள். முடிந்தால் அதற்கு முன் வேலூர் மாவட்டம் கே.வி.குப்பத்தில் 1977 முதல் இயங்கிவரும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கிராம சுகாதாரப் பிரிவான ருஹ்சா மையத்துக்கு ஒருமுறை போய், கிராமப் பெண்களுக்கு எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று. மே மாதம் உங்களுக்கு விடுமுறை, அங்கே காட்டுப்பகுதிகளில் அது பீடி இலை பறிக்கும் பருவம். நம் பக்கத்துப் பெண்கள் நறுக்கிச் சுற்றும் அதே இலைதான். விடியும் முன் காட்டுக்குப் போகிறவர்கள் வெயில் ஏறியபின் திரும்பி, அதற்குமேல் இலைகளைக் கட்டுக் கட்ட உட்காருவார்கள். உங்கள் காலை பத்து மணி வகுப்புக்கு முதியவர்களும் சிறுவர்களும்தான் வருவார்கள். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் மழையோடுதான் தீவிரமாகும் என்பதால், ஜூன் தொடக்கம்கூடப் பொருத்தமாக இருக்கலாம். ரயில் டிக்கெட் எடுக்கும் முன் அந்த சஹியாவிடம் யார் மூலமாகவாவது பேசி, எந்த மாதம், எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டுவிடுங்கள்.