பொதிக்கு எந்த எண் போடுவது?

யாழ்ப்பாணத்தில், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மென்பொருள் பொதி கட்டப் பழகுபவர்கள் கேட்டவை.

கொக்குவிலில் இருந்து: அண்ணை, அப்ஸ்ட்ரீம்காரர், அதாவது மென்பொருளை எழுதுபவர்கள், 2.4 வெளியிட்டார்கள். அதில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்புப் பிழையைத் திருத்திப் பொதி கட்டினேன். 2.4.1 என்று போடலாமா?

வேண்டாம் தம்பி. அந்த எண் உங்களுடையது இல்லை. நாளைக்கு அவர்களே 2.4.1 வெளியிட்டால், ஒரே எண்ணில் இரண்டு சரக்கு ஊரில் திரியும். பிழை அறிவிப்பவர் எதைச் சொல்கிறார் என்று ஒருவருக்கும் விளங்காது. கடைசிக் குறுக்கோட்டுக்கு முன்னால் இருப்பது அவர்களுடையது, பின்னால் இருப்பது உங்களுடையது. முதலில் 2.4-1. திருத்திவிட்டு 2.4-2.

நல்லூரில் இருந்து: நிரலை வைத்திருக்கும் கிட்டில் அப்ஸ்ட்ரீம்காரர் 'வி2.4' என்றுதானே குறிக்கிறார்கள்?

'வி'யைக் கழற்றிவிடுங்கள். இலக்கத்தில் தொடங்க வேண்டும்.

சாவகச்சேரியில் இருந்து: 3.0க்கு முந்திய சோதனை வெளியீட்டை 3.0ஆர்சி1 என்று பொதி விட்டோம். பிறகு 3.0 விட்டும் ஒருவருக்கும் அப்டேட் இறங்கவில்லை.

நிறையப் பேர் விழுகிற குழி இது. 3.0க்குப் பின்னால் எழுத்து ஒட்டினால், பொதிகளை நிறுவும் டிபிகேஜி அதை 3.0ஐ விடப் புதியது என்றே எடுக்கும். 3.0~ஆர்சி1 என்று போட்டிருக்க வேண்டும். அலைக்குறி வந்தால், அதற்குப் பிறகு என்ன இருந்தாலும் 3.0க்கு முந்தியதுதான். இனி விடுவதற்கு முன் டிபிகேஜியின் ஒப்பீட்டுக் கட்டளையில் இரண்டு எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் கேட்டது சரியென்றால் திரையில் ஒன்றும் வராது, வெளியேறும் குறியீடு 0 ஆக இருக்கும். இப்போதைக்கு 3.0.1 வந்தால் தானாகச் சரியாகிவிடும்.

மானிப்பாயில் இருந்து: 1.9க்குப் பிறகு 1.10 வந்திருக்கிறது. எண் குறைந்துவிட்டதே?

குறையவில்லை, இது தசமம் இல்லை. 10, 9ஐ விடப் பெரிது, அவ்வளவுதான். உண்மையாகவே தசமமாக எண்ணுவது டொனால்ட் கனூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். 3.14, 3.141 என்று கணிதத்தின் π (பை) மதிப்பை நோக்கிப் போய், 2021இல் 3.141592653இல் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் இலக்கம் கூடுவதால் அதுவும் டிபிகேஜியிடம் தப்பிவிடுகிறது!

பருத்தித்துறையில் இருந்து: முன்பு திகதியையே எண்ணாக, 20190412 என்று போட்டார்கள். இப்போது 1.0 என்கிறார்கள்.

இதற்குத்தான் ஈபொக், அதாவது எண்ணுக்கு முன்னால் முக்காற்புள்ளியோடு போட்டு, எல்லாவற்றுக்கும் முதலில் ஒப்பிடப்படும் இலக்கம்: 1:1.0-1. ஆனால் ஒருமுறை போட்டால் பிறகு எடுக்க வழியில்லை. அந்தப் பொதி இருக்கும் வரைக்கும் '1:' கூடவே வரும். கோப்பின் பெயரில் அது தெரியாது என்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். அதனால் 2.5ஐ விட்டுவிட்டு 2.4க்குத் திரும்புகிற மாதிரிச் சின்னச் சிக்கலுக்கெல்லாம் ஈபொக்கைத் தொடாதீர்கள். 2.5+ரியலி2.4-1 என்று போடலாம். பார்க்க வடிவில்லைதான், ஆனால் 2.6 வந்ததும் போய்விடும்.