ஆய்வேட்டை யார் படிக்கிறார்கள்?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். அதை யார், எப்படிப் படிப்பார்கள்? ‘திருத்தங்களுடன் ஏற்கலாம்’ என்று வந்தால் பாதித் தோல்வி என்று அர்த்தமா? நெறியாளரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். தோல்வியே இல்லை. எழுத்துப்பிழை, விட்டுப்போன மேற்கோள், இன்னும் விளக்கவேண்டிய ஓர் அட்டவணை என்று ஏதாவது ஒன்றைச் சரிசெய்யச் சொல்வது சர்வசாதாரணம். கவலைப்பட வேண்டியது ‘மாற்றி எழுதி மறுபடியும் சமர்ப்பிக்கவும்’ என்று வந்தால்தான், அதிலிருந்தும் மீண்டு பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

யார் படிப்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு உள்ளிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர், மூடிய அறையில் வாய்மொழித் தேர்வு. ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் வாய்மொழித் தேர்வே கிடையாது, வெளித் தேர்வாளர்கள் எழுதி அனுப்பும் அறிக்கைகளை வைத்தே முடிவெடுத்தார்கள். நெதர்லாந்தில் ஆய்வேட்டுக்கான ஒப்புதல் முன்பே கிடைத்துவிடும், அப்புறம்தான் ஊரறிய விவாதம், நேரம் முடிந்ததும் கையில் கோலுடன் ஒருவர் உள்ளே வந்து ‘ஹோரா எஸ்ட்’ (லத்தீனில் ‘நேரம் ஆகிவிட்டது’) என்று அறிவிப்பார், அத்துடன் கேள்விகள் நின்றுவிடும்.

எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் 30 தேர்வாளர்களிடம் பேசி 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. அனுபவமுள்ள தேர்வாளர்கள் ஆய்வேடு தேறிவிடும் என்ற எதிர்பார்ப்போடுதான் கையில் எடுக்கிறார்களாம். சிலர் முதலில் துணைநூற்பட்டியலுக்குப் போய், இவர் எதையெல்லாம் படித்திருக்கிறார் என்று பார்த்துவிடுகிறார்கள். உரையில் 2014 என்று வந்த நூல் பட்டியலில் 2015 ஆகிவிட்டால், ‘இதிலேயே இப்படி என்றால் தரவுகளை எப்படிக் கையாண்டிருப்பார்?’ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது, அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் அந்தச் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்கள். பெரிய கண்டுபிடிப்பை யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. உங்கள் முடிவு உங்கள் தரவிலிருந்து வருகிறதா, அதன் எல்லை எதுவென்று உங்களுக்குத் தெரிகிறதா, இதைத்தான் பார்க்கிறார்கள்.

சும்மா காத்திருக்க வேண்டாம். ஆய்வேட்டை அந்நியர் எழுதியதைப் போலப் படித்து, கண்ணில் படும் பிழைகளைப் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். வாய்மொழித் தேர்வு இருந்தால் அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள், தேர்வாளர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்வது நல்லது. எந்தக் காரணத்துக்காகவும் தேர்வாளரை நேரடியாகத் தொடர்புகொள்ளாதீர்கள். நெறியாளரிடம் தயங்காமல் கேளுங்கள், உங்கள் பல்கலைக்கழக விதிமுறை அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: இரண்டு தேர்வாளர்களும் நேர்மாறாக எழுதினால்?
– இன்னொரு வாசகர்

பதில்: நடக்கும். பல இடங்களில் மூன்றாவது தேர்வாளரிடம் அனுப்புவார்கள், சில இடங்களில் குழு கூடி முடிவெடுக்கும். திருத்தம் உங்களிடம் வந்தால் ஒரு அட்டவணை போடுங்கள்: அவர் சொன்னது, நீங்கள் செய்தது, எந்தப் பக்கம். ஏற்கமுடியாத ஒன்று இருந்தால் அதை விட்டுவிடாமல், ஏன் மாற்றவில்லை என்ற காரணத்தை மரியாதையாக அதே அட்டவணையில் எழுதுங்கள்.