இலவசக் கலை வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

கேள்வி: பள்ளி முடிந்ததும் 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாடகம், ஓவியம், இசை மூன்றும் இலவசமாகச் சொல்லித் தருகிறோம். முதல் வாரம் 40 பேர் வந்தார்கள். இரண்டே மாதத்தில் 12 பேர்தான் மிச்சம். இலவசம் என்பதால்தான் மதிப்பில்லையா? சிறு கட்டணம் வைத்துப் பார்க்கலாமா?

பதில்:

வைக்காதீர்கள். நாங்கள் வைத்துப் பார்த்தோம்.

மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தரும் ஒரு சின்னக் குழுவை ஒன்பது வருடமாக நடத்துகிறோம். நால்வரில் நான் ஒருத்தி. இரண்டாம் வருடம் எங்களுக்கும் இதே ஆத்திரம் வந்தது. ‘ஓசியில் கிடைத்தால் யாருக்கு அருமை தெரியும்’ என்று ஒருவர் சொல்ல, மற்ற மூவரும் தலையாட்டினோம். கட்டணம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் முன்பணம் என்று பெயர் வைத்தோம். கடைசி நிகழ்ச்சி வரை இருப்பவர்களுக்குத் திருப்பித் தந்துவிடுவதாக ஏற்பாடு. தொகையும் சின்னதுதான்.

வருகைப் பதிவேடு உடனே அழகாகிவிட்டது. 25 பேர் சேர்ந்தார்கள், 22 பேர் கடைசிவரை இருந்தார்கள். எங்களுக்கு ஒரே பெருமை. நிகழ்ச்சியன்று அரங்கின் பின்வரிசையில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேடையில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே வேறு இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் போகிறவர்கள். யாரை மனதில் வைத்து இதைத் தொடங்கினோமோ, அவர்கள் முன்பணம் என்ற சொல்லைக் கண்டதுமே படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். யாரும் வந்து சண்டை போடவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. அதனால் எங்களுக்கும் தெரியவில்லை. அடுத்த வருடமே அதை எடுத்துவிட்டோம்.

அப்புறம் ரொம்ப நாள் கழித்துப் புரிந்துகொண்ட விஷயம் இது. நாம் பணம் வாங்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வேறு ஏதோ கொடுத்துத்தான் வருகிறது. அது என்ன என்று கண்டுபிடிக்கிறவரை எத்தனை பேரைச் சேர்த்தாலும் கரைந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஒரு பெண் இருந்தாள், 14 வயது. குரல் அப்படியே அரங்கை நிறைக்கும். மூன்றாம் வாரம் தன் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு ஆறு வயது இருக்கும். பதிவு செய்யாதவர்களை உள்ளே விடுவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தோம், பாதுகாப்புக்காக. அதைச் சொன்னேன். ‘சரிக்கா’ என்றாள். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அவள்தான் என்று அவளுடைய தோழி சொல்லித்தான் தெரியும். நான் அனுப்பிவிட்டது தம்பியை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விதியை மாற்றினோம், ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். தம்பிக்குத் திரை இழுக்கும் பொறுப்பு கொடுத்தோம். அந்தக் கயிற்றை அவன் வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

இன்னொரு பையன் தினமும் ஐந்தரை மணிக்கு நழுவிவிடுவான். ஈடுபாடு இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அவன் வீட்டுப் பக்கம் போகும் கடைசிப் பேருந்து அந்த நேரத்துக்கு. நாங்களோ முக்கியமான காட்சிகளையெல்லாம் ஆறு மணிக்கு மேல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம்! நேரத்தை முன்னால் நகர்த்தினோம், தீர்ந்தது. எங்களுக்கு ஒரு செலவும் ஆகவில்லை.

பசியையும் சொல்ல வேண்டும். காலையிலிருந்து வகுப்பில் உட்கார்ந்துவிட்டு நேராக வருகிற பிள்ளைக்கு வயிற்றுக்கு ஏதாவது கொடுக்காமல் ஒத்திகை தொடங்காதீர்கள். நாலு மணிக்கு மேல் நடக்கும் சண்டைகளில் பாதிக்கும் மேல் பசிச் சண்டை.

இலவசமாக இருந்தாலே ஏழைப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை எங்களிடம் மட்டும் இருந்ததல்ல. வெனிசுவேலாவின் எல் சிஸ்டமாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய இலவச இசைப்பயிற்சி அமைப்பு. நாடு முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். 2012–13இல் அங்கே 16 மையங்களில், 6 முதல் 14 வயதுள்ள 2,914 பிள்ளைகளை வைத்து முறையான ஆய்வு ஒன்று நடந்தது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை முதலில் சேர்த்தார்கள், மற்றவர்களை ஒரு வருடம் காத்திருக்க வைத்தார்கள். முதலில் சேர்ந்தவர்களுக்குச் சுயக்கட்டுப்பாடு கொஞ்சம் கூடியது, நடத்தைச் சிக்கல்கள் கொஞ்சம் குறைந்தன. தாய் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளிடமும், வன்முறையை எதிர்கொண்ட ஆண்பிள்ளைகளிடமும் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சேர்ந்த பிள்ளைகளில் வறுமையில் இருந்தவர்கள் 16.7 சதவீதம், அவர்கள் வாழ்ந்த மாநிலங்களிலோ வறுமை விகிதம் 46.5 சதவீதம். யாருக்கு அதிகம் பலன் தருமோ அவர்கள்தான் குறைவாக வந்திருக்கிறார்கள். கட்டணமே இல்லாத இடத்தில்!

உங்கள் 12 பேரில் எந்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். எண்ணிக்கையைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை, அப்ரேயு முதல் ஒத்திகைக்கு 100 பேரை எதிர்பார்த்து, இசைக்குறிப்புத் தாளை வைத்துப் பார்க்கும் தாங்கிகள் 50 போட்டு வைத்தாராம். வந்தவர்கள் 11 பேர். உங்களுக்கு ஒருவர் கூடுதல்.

அடுத்தது மானம். நிதி கேட்டு எழுதும் மனுவில் நாம் எல்லோரும் ‘பின்தங்கிய’, ‘வாய்ப்பற்ற’, ‘தவறான வழியில் போகாமல் தடுக்க’ என்றெல்லாம் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சொற்கள் வகுப்பறைக்குள் வந்துவிடக் கூடாது. ஒருமுறை நன்கொடை கொடுத்தவர்கள் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஒருவர் பிள்ளைகள் முன்னாலேயே ‘இவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு இடம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பார்களோ’ என்று உருகினார். வரிசையில் நிற்க வைத்துப் படமும் எடுத்தார்கள். அடுத்த வாரம் ஆறு பேர் வரவில்லை. ஆறு பேருமே 15 வயதுக்கு மேற்பட்டவர்கள். அந்த வயதில் ‘ஏழைகளுக்கான வகுப்பு’க்குப் போகிறாயா என்று ஒரு நண்பன் கேட்டுவிட்டால் போதும், கதை முடிந்தது. இப்போது நாங்கள் வருமானச் சான்று கேட்பதில்லை, ஒத்திகையில் படம் எடுக்க விடுவதில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் நிகழ்ச்சிக்கு வந்து சீட்டு வாங்கி உட்காரட்டும்.

இதை அழகாகக் கையாண்டவர்கள் சான்ஃபிரான்சிஸ்கோவில் 2002இல் தொடங்கிய 826 வெலன்சியாக்காரர்கள். பிள்ளைகளுக்கு இலவசமாக எழுத்துப் பயிற்சி தரும் இடம். அவர்கள் வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் கடைதான் நடத்த வேண்டும் என்று நகர விதி. சரி என்று முன்பக்கம் கடற்கொள்ளையர்களுக்கான சாமான் கடை ஒன்றைத் திறந்துவிட்டார்கள்! ஒற்றைக் கண்ணுக்குக் கட்டும் கறுப்புத் துணி, கொடி, இப்படி. அதற்குள் நுழைந்து பின்பக்கம் போனால் வகுப்பு. படிப்பில் உதவி தேவைப்படுகிற பிள்ளைகள் போகும் இடம் என்று வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தோன்றாது. நீங்கள் கடை திறக்க வேண்டாம். உங்கள் பெயர்ப்பலகையில் ‘இலவச’ என்ற சொல்தான் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்களுடையதில் இருந்தது.

இதோடு சேர்ந்ததுதான் பொருட்களின் தரம். இலவச வகுப்பு என்றாலே வற்றிப்போன வண்ணக்குழாய், முடி உதிர்ந்த தூரிகை, யாரோ வேண்டாம் என்று கொடுத்த கீபோர்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1968இல் பில் ஸ்ட்ரிக்லாண்ட் மட்பாண்டக் கலை சொல்லித்தர ஒரு மையம் தொடங்கினார். அவரே பள்ளியில் படிக்கும்போது ஒரு ஆசிரியர் சக்கரத்தில் களிமண் பிடிப்பதைப் பார்த்து அதில் விழுந்தவர். பிற்பாடு கட்டிய கட்டடத்தில் நல்ல வெளிச்சமும், அன்றாடம் புதுப் பூக்களும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஆடம்பரம் என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. நல்ல தூரிகை மூன்றே மூன்று இருந்து முறை வைத்துப் பயன்படுத்தினாலும் பரவாயில்லை, மட்டமான முப்பது வேண்டாம். பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

சரி, நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வகுப்பு சலிப்பாக இருந்திருக்கலாம். நாங்கள் முதல் ஆறு வாரம் மூச்சுப்பயிற்சி, குரல் பயிற்சி, நடைப் பயிற்சி என்று அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தோம். அதைத்தான் ஏற்கெனவே பள்ளிக்கூடம் நாள் முழுக்கச் செய்கிறதே! எல் சிஸ்டமாவில் எனக்குப் பிடித்தது, தனியாக உட்கார்ந்து வருடக்கணக்கில் சாதகம் செய்த பிறகுதான் குழுவில் இடம் என்றில்லாமல், ஆரம்பத்திலேயே மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வைத்துவிடுவது. எங்களுடையதில் இப்போது இரண்டாம் நாளே ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை நடித்தாக வேண்டும். கேவலமாகத்தான் இருக்கும். ஆனால் ‘எனக்குக் குரல் கேட்கவே இல்லை’ என்று பின்வரிசையில் இருப்பவன் கத்துவான் பாருங்கள், அதற்கப்புறம் குரல் பயிற்சியை அவர்களே கேட்பார்கள். முதல் நாளே நிகழ்ச்சித் தேதியைச் சுவரில் எழுதிவிடுகிறோம். பத்து வாரத்துக்கு மேல் தள்ளிப்போடுவதில்லை.

16, 17 வயதுக்காரர்களுக்கு எதிரி சலிப்பு அல்ல, வேலை. வார இறுதியிலோ மாலையிலோ எங்காவது கொஞ்சம் சம்பாதிக்க முடியும் என்றால் நாடகமாவது ஒன்றாவது. சிகாகோவில் இதற்கு நேரடியான பதில் கண்டார்கள். 1991இல் நகர மையத்தில் காலியாகக் கிடந்த மனையில் கூடாரம் அடித்து, கேலரி 37 என்ற பெயரில் இளைஞர்களைக் கலைஞர்களிடம் தொழில் பழகுபவர்களாகச் சேர்த்து, அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ் இன்றும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத்தான் பயிற்சி தருகிறது. கலை கற்பதற்குக் காசு கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அங்கே உருவாகும் கலைப்பொருட்களுக்கு அந்தப் பிள்ளைகள் உழைத்திருக்கிறார்களே! எங்களால் எல்லோருக்கும் கொடுக்க முடியவில்லை. ஒளியமைப்பைப் பார்த்துக்கொள்ளும் இருவருக்கும், சின்னவர்களுக்குச் சொல்லித்தரும் பெரியவர்கள் மூவருக்கும் மட்டும் கொடுக்கிறோம். ஐந்து பேருமே இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள்.

சொல்லித்தருபவர் மாறிக்கொண்டே இருக்கிறாரா? மாதம் ஒரு தன்னார்வலர் வந்து ‘உன் பெயர் என்ன’ என்று கேட்டால் பிள்ளைக்கு வெறுத்துவிடும். நாலு நாள் வெவ்வேறு ஆட்கள் வருவதைவிட, வாரம் இரண்டு நாள் அதே ஆள் வருவது மேல். முடிந்தால் அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். எந்த அறையிலும் ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, இரண்டு பேர் வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். தேர்வுக்காலத்தில் காணாமல் போய்த் திரும்பி வருவார்கள். திரும்பி வரும்போது இடம் இருக்க வேண்டும். சிலர் பிடிக்காமலே போவார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் நாடகம் பிடிக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

கட்டணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், நின்றுபோன அந்த 28 பேரையும் ஒவ்வொருவராகக் கேளுங்கள். படிவம் கொடுத்தால் ‘நேரமில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்களோ ஆசிரியரோ கேட்டாலும் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். மிச்சமிருக்கும் 12 பேரிடம் ஆளுக்கு இரண்டு மூன்று பெயராகப் பிரித்துக் கொடுங்கள். உண்மைக் காரணம் அவர்களிடம்தான் வரும். சிலருக்கு இப்போதே தெரிந்திருக்கும், யாரும் கேட்காததால் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வாரமே தொடங்குங்கள். நீண்ட விடுமுறை வந்துவிட்டால் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.