நள்ளிரவில் ஒரு பழைய அமெரிக்க டைனரில் சாப்பிடும் அனுபவம் எப்படி இருக்கும்?

டைனர் என்பது கவுண்டரில் அமர்ந்தே சாப்பிடக்கூடிய எளிய அமெரிக்க உணவகம்; பழைய பாணியில் புதிதாகக் கட்டியவை அங்கே ஏராளம். நீங்கள் கேட்பது அசல் டைனரைப் பற்றி என்பதால், மினசோட்டா மாநிலத் தலைநகரான செயிண்ட் பாலில் உள்ள மிக்கிஸ் டைனரைச் சொல்கிறேன். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்படும்வரை அது இரவும் பகலும் இயங்கியது. அதற்கு முன்பு, பனி கொட்டிய ஓர் இரவில், வேலை முடிந்து பசியோடு அங்கே சென்றேன்.

சிவப்பும் மஞ்சளுமான தகடுகளும் நியான் எழுத்துகளும் கொண்ட அந்தக் கட்டடத்தைப் பலர் பழைய ரயில் பெட்டி என்றே நம்புகிறார்கள். அது ரயிலில் வந்ததே தவிர, ரயிலாக ஓடியதில்லை. நியூ ஜெர்சியிலிருந்த ஜெர்ரி ஓ'மஹோனி நிறுவனம் 1937-இல் அதைத் தொழிற்சாலையிலேயே உருவாக்கி அனுப்ப, 1939-இல் கடை திறந்தது. இப்படி ஓரிடத்தில் செய்து வேறோர் ஊருக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்ததால்தான் டைனர்கள் நீண்டு குறுகி அமைந்தன. அந்தக் குறுகலே அவற்றின் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

கவுண்டரை ஒட்டிய சுழல் இருக்கையில் அமர்ந்தால், கைக்கெட்டும் தொலைவில் சூடான இரும்புக் கல் இருக்கிறது. சமையல்காரர் துருவிய உருளைக்கிழங்கைப் பரப்பி, அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகும்வரை தொடாமல் விட்டுவிட்டு, அதற்குள் வேறொருவருக்கு முட்டை உடைத்து ஊற்றி, ரொட்டியையும் வாட்டி எடுத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோப்பை காலியாகுமுன் காபி தானாக நிரம்பியது. ஒரு பக்கம் மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண், மறுபக்கம் டாக்சி ஓட்டுநர்; தோள் உரசும் நெருக்கத்தில் பேசாமல் இருப்பதுதான் கடினம். பனியில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை அவர்களிடம்தான் அறிந்தேன்.

டைனரின் தொடக்கமே இரவு வேலைக்காரர்களுக்கானது. 1872-இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் உணவு விற்றபோது, இரவில் பத்திரிகை அலுவலகங்களில் உழைத்தவர்கள் அவருடைய வாடிக்கையாளர்களாக இருந்தார்கள். ஆகவே பகல் கூட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

மிக்கிஸ் 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. செல்லுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மேசை காலியாக இருந்தாலும், சற்றுக் காத்திருந்து கவுண்டரிலேயே இடம் பிடியுங்கள்.