கல்லடியும் வேண்டாம், கண்ணடியும் வேண்டாம்!

வண்டியின் பெயின்ட்டைக் கல் தெறிப்பிலிருந்து காப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: புதுக் கார் எடுத்த கையோடு செராமிக் கோட்டிங் போட்டேன். மூன்றே மாதத்தில் பானெட் முன்விளிம்பில் ஆறேழு வெள்ளைப் புள்ளிகள். கோட்டிங் போட்டவர்களைக் கேட்டால், "கல் பட்டால் நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள். 9ஹெச் கடினம் என்றுதானே சொல்லி விற்றார்கள்?

பதில்: அவர்கள் இப்போது சொல்வது சரி. விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் குறை. 9ஹெச் என்பது பென்சில் கணக்கு. பூச்சின் மேல் பென்சில் முனையை அழுத்தி இழுத்து, கீறல் விழுகிறதா என்று பார்ப்பார்கள். அது உரசலைத் தாங்குமா என்பதற்கான சோதனை. கல் வந்து விழுவது உரசல் இல்லை, அடி.

கனத்தைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பெயின்ட்டின் மொத்தக் கனமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஒன்றிரண்டு தலைமுடிக் கனம். தகட்டை ஒட்டித் துருவைத் தடுக்கும் பூச்சு 20 மைக்ரான் அளவில், அதன் மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு 30 சொச்சம், நிறம் 15 அல்லது 20, எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு 40 முதல் 50 வரை. செராமிக் கோட்டிங்கோ ஓரிரு மைக்ரான்தான். அடி விழும் இடத்தில் மேலே இருப்பது வளைந்துகொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடி மாதிரி இறுகிய மெல்லிய படலத்தால் அது முடியாது. அழுக்கு சீக்கிரம் ஒட்டாது, கழுவுவது சுலபம், பறவை எச்சத்தைத் துடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இவைதான் அதன் வேலை. கல்லுக்கு எதிராக மெழுகு பாலிஷும் அப்படித்தான், உதவாது.

உங்கள் வண்டியில் வெள்ளையாகத் தெரிவது அநேகமாகப் பிரைமர். தகடு வெளியே வரவில்லை என்பதால் உடனே துரு பிடிக்காது. ஆனாலும் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: பி.பி.எஃப் எனப்படும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினால் கல் தாங்குமா? முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டுமா?

பதில்: தாங்கும், ஓர் எல்லை வரை. அது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், சுருக்கமாக டி.பி.யூ. கனம் 150 முதல் 200 மைக்ரான். வண்டியின் மொத்தப் பெயின்ட்டைவிடக் கூடுதல். ரப்பர் போல அமுங்கி மீள்வதால் கல்லின் அடி ஒரே புள்ளியில் இறங்காமல் பரவிவிடும். ஹெலிகாப்டர் இறக்கைகளின் முன்விளிம்பை மணல் அரிக்காமல் காக்க ஒட்டும் நாடாவும் இதே வகைப் பொருள்தான். ஆனால் கூரான சல்லி அதிவேகத்தில் வந்தால் ஃபிலிம் கிழியும், அடியில் பெயின்ட்டும் போகும். 'தானே ஆறிக்கொள்ளும்' என்ற விளம்பரம் மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்களுக்கு மட்டும்தான் பொருந்தும். வெயிலிலோ வெந்நீரிலோ அவை மறையும், ஓட்டை ஓட்டைதான்.

கல் எங்கே படும் என்று பார்த்து ஒட்டினால் முழு வண்டிக்கும் தேவைப்படாது. முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, ஹெட்லைட், முன்கண்ணாடியின் இருபுறத் தூண்கள், கூரையின் முன்விளிம்பு. பலர் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவும், கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும். அங்கே கல்லை அடிப்பது முன்னால் போகும் வண்டி அல்ல, உங்கள் முன்சக்கரமேதான். கதவின் மேல்பாதி, கூரையின் நடுப்பகுதி, டிக்கி மூடி ஆகியவற்றுக்குக் கல்லை நினைத்து ஒட்டுவது வீண்.

பானெட்டில் முன்பக்கம் அரை மீட்டர் மட்டும் ஒட்டினால் செலவு குறையும். ஆனால் ஃபிலிம் முடியும் கோட்டில் தூசியும் பாலிஷும் சேர்ந்து கறுப்புக் கோடு விழும். வெளிர் நிற வண்டியில் பளிச்சென்று தெரியும். முழு பானெட்டுக்கும் ஒட்டிவிட்டு வேறெங்காவது குறைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பாதி விலையில் ஒரு ஃபிலிம் கிடைக்கிறது. அதுவும் பி.பி.எஃப்தான் என்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் அது பி.வி.சி. சிறு துண்டு கேட்டு வாங்கி இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். டி.பி.யூ நன்றாக நீண்டு, விட்டதும் சுருங்கும். பி.வி.சி விறைப்பாக இருக்கும், இழுத்தால் நீண்டபடியே நிற்கும். வெயிலில் மஞ்சளாகி, விளிம்பில் சுருங்கி, உரிக்கும்போது பசையை வண்டியிலேயே விட்டுவிட்டு வரும். அந்தப் பசையை எடுக்கும் கூலியையும் சேர்த்தால் பாதி விலை என்ற கணக்கு நிற்காது.

கேள்வி: நானே ஒட்ட முடியுமா?

பதில்: பானெட், பம்பர், பக்கக் கண்ணாடி மூன்றையும் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள். பல திசையில் வளையும் இடத்தில் ஃபிலிமை எங்கே இழுப்பது, எங்கே தளர்த்துவது என்பது பழகினால்தான் வரும். பின்சக்கர வளைவின் முன்பகுதி, கதவுக்குக் கீழ்ப் பட்டை, சாமான் ஏற்றும்போது உரசும் பின் பம்பரின் மேல்முகம் ஆகியவற்றை நீங்களே செய்யலாம். உங்கள் மாடலுக்கு முன்கூட்டியே வெட்டிய துண்டாக வாங்குங்கள். வண்டியின் மேல் வைத்து பிளேடால் வெட்டினால் கிளியர் கோட்டில் கோடு விழுந்துவிடும். அது தெரியவருவது ஃபிலிமை உரிக்கும் அன்றுதான்.

இரண்டு ஸ்பிரே பாட்டில் வேண்டும். ஒன்றில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு ஐந்தாறு சொட்டு. ஃபிலிம் வழுக்கி நகர்வதற்கு இது. இன்னொன்றில் 900 மில்லி தண்ணீரும் 100 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலும். இது விளிம்பைப் பிடிக்க வைக்கும். ஷாம்பு கூடினால் பசை பிடிக்காது. "நன்றாக வழுக்கட்டும்" என்று தாராளமாக ஊற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

வண்டியைக் கழுவி, 'கிளே பார்' என்று கார் பராமரிப்புக் கடையில் விற்கும் கட்டியால் (சாதாரணக் களிமண் அல்ல) தேய்த்து ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். நிழலில், காற்று வீசாத இடத்தில் நிறுத்தி, தரையிலும் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசி எழாது. தகடு தொட்டால் சுடக் கூடாது. சுட்டால் வைத்த நொடியே பசை பிடித்துக்கொள்ளும். தகட்டையும் விரல்களையும் நன்றாக நனைத்துக்கொண்டு, பின்தாளை உரிக்க உரிக்கப் பசைப் பக்கமும் நனையும்படி அடித்துக்கொண்டே போங்கள். வைத்து, நகர்த்தி, இடம் சரியானதும் மேலேயும் ஷாம்பு நீர் அடித்து, ஸ்க்வீஜியால், அதாவது நீர் வழிக்கும் ரப்பர் பட்டையால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி வழியுங்கள். விளிம்பு பிடிக்காமல் எழும்பினால் தூக்கி, ஆல்கஹால் நீர் அடித்து, அரை நிமிடம் பொறுத்து அழுத்துங்கள். கோணலாகிவிட்டால் ஷாம்பு நீரை உள்ளே அடித்து முழுதாகத் தூக்குங்கள். பிடித்து இழுத்துச் சரிசெய்தால், இழுத்த இடம் சில நாளில் தானாகச் சுருங்கி எழும்.

மறுநாள் மங்கலான நீர்க்கொப்புளங்கள் தெரியும். பதற வேண்டாம், ஒன்று முதல் நான்கு வாரத்தில் வற்றிவிடும். காற்றுக்குமிழ் மட்டும் தானாகப் போகாது. மெல்லிய ஊசியால் குத்தி அழுத்துங்கள். ஒரு வாரம் வண்டியைக் கழுவாதீர்கள்.

கேள்வி: ஏற்கெனவே நான்கைந்து இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் பழுப்பாகத் தெரிகிறது. அதன் மேலேயே ஃபிலிம் ஒட்டிவிடலாமா?

பதில்: கூடாது. துரு அடியில் பரவிக்கொண்டே போய், ஃபிலிமையும் பெயின்ட்டையும் சேர்த்துக் கொப்புளமாகத் தூக்கும். முதலில் புள்ளிகளை அடைக்க வேண்டும்.

பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிறம் என்றால் பிரைமர் நிற்கிறது. உலோகம் மின்னினால் தகடு வரை போயிற்று. பழுப்பு என்றால் துரு. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக், துருவுக்கு வழியில்லை. அழகுக்காக மட்டும் அடைத்தால் போதும். பானெட்டில் காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கும். அதில் பழுப்புத் துரு வராது, வெள்ளைப் பொடி பூக்கும்.

டச்-அப் பெயின்ட் வாங்கும்முன் நிற எண்ணைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு பட்டையில் இருக்கும். வெள்ளைதானே என்று எதையாவது வாங்கினால், வெள்ளையில் எத்தனை வகை என்று அன்று தெரியும்.

கழுவி, ஆல்கஹாலால் துடையுங்கள். துரு இருந்தால் கண்ணாடி இழைப் பென்சிலாலோ, மடித்த 400 எண் உப்புத்தாளின் மூலையாலோ பள்ளத்துக்குள் மட்டும் சுரண்டுங்கள். ஓரத்தில் எழும்பி நிற்கும் பெயின்ட்டையும் எடுத்துவிடுங்கள். அதன் அடியில்தான் துரு ஒளிந்திருக்கும். எடுக்க முடியாமல் எஞ்சியதற்குத் துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர்) என்னும் திரவம் ஒரு சொட்டு, துரு கறுத்துவிடும். புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை விடுங்கள். தகடு தெரிந்த இடத்துக்குப் பிரைமர் ஒரு பொட்டு.

பிறகு நிறம். மூடியோடு வரும் தூரிகை 2 மில்லிமீட்டர் புள்ளிக்கு மிகத் தடிமன். பல்குச்சியின் முனையால் தொட்டு, பள்ளத்தின் நடுவில் வையுங்கள். அதுவே ஓடி ஓரத்தைத் தொடும். காய்ந்தால் உள்வாங்கும், அதனால் அரை மணி அல்லது ஒரு மணி இடைவெளியில் இரண்டு மூன்று முறை வைக்க வேண்டும். ஒரே தடவையில் குவித்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். மெட்டாலிக் நிறத்துக்குப் புட்டியை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். அப்படியும் சற்று இருண்டுதான் தெரியும்: ஸ்பிரேயில் படுத்திருக்கும் உலோகத் துகள்கள் இங்கே தாறுமாறாக நிற்பதுதான் காரணம், உங்கள் கை அல்ல. கடைசியாகக் கிளியர், சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை உயரமாக.

ஒரு வாரம் காய்ந்த பின் சமப்படுத்தலாம். 2000 எண் நீர்த்தாளில் சிறு வட்டம் வெட்டி, பென்சில் நுனி ரப்பரில் ஒட்டி, சோப்பு நீரில் நனைத்து அந்த மேட்டை மட்டும் தேயுங்கள். பிறகு 3000, பிறகு பாலிஷ். சுற்றியுள்ள கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான் என்பது நினைவிருக்கட்டும். கை நடுங்கினால் மேட்டை அப்படியே விட்டுவிடுங்கள், துரு வராது என்பதே போதும்.

கேள்வி: பம்பருக்கு மறுபெயின்ட் அடித்துப் பத்து நாள் ஆகிறது. ஃபிலிம் ஒட்டலாமா?

பதில்: ஒரு மாதம் பொறுங்கள். தொழிற்சாலையில் வண்டிக்கூட்டை 140 டிகிரி அளவில் சுடுகிறார்கள். அதில் வரும் பெயின்ட் முழுதாக இறுகியிருக்கும், அன்றே ஒட்டலாம். பட்டறையில் 60 டிகிரி அளவுதான். கரைப்பான் பல நாள் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். மூடிவிட்டால் கொப்புளிக்கும். பிறகு ஃபிலிமை உரிக்கும்போது மறுபெயின்ட்டும் சேர்ந்து வரும் அபாயம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: பானெட் முனைக்குத் தோல் உறை மாட்டலாமா?

பதில்: கல்லைத் தடுக்கும். அடியில் மணலும் ஈரமும் சேர்த்து, காற்றில் படபடத்து, உப்புத்தாளாகத் தேய்க்கும். நெடும்பயணத்துக்கு மாட்டி, போய்ச் சேர்ந்ததும் கழற்றி, அடியைத் துடைப்பவர்களுக்கு மட்டும் சரி.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் எங்கே கவனிக்க வேண்டும்?

பதில்: முன்சக்கரம் எறிவது நேரே என்ஜின் முகத்துக்கும், சட்டத்தின் முன்குழாய்க்கும், ரேடியேட்டர் இருந்தால் அதற்கும்தான் போகும். முன் மட்கார்டின் அடிமுனையில் நீட்டிப்புத் துண்டு பொருத்துங்கள். கல்லோடு சேற்றையும் நிறுத்தும். ரேடியேட்டருக்குக் கம்பி வலை நல்லது. துளை மிகச் சிறிதாக இருந்தால் காற்று குறைந்து என்ஜின் சூடாகும், பூச்சியும் அடைத்துக்கொள்ளும். முன்குழாய்க்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதிக்கும் டி.பி.யூ பட்டை ஒட்டலாம். டேங்கில் ஒட்டுவது முழங்கால், பெல்ட் உரசலுக்காக, கல்லுக்காக அல்ல.

கேள்வி: இதற்கெல்லாம் செலவு செய்ய இயலாது. வேறு வழி?

பதில்: இடைவெளி விடுங்கள். அடியின் வலு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80 கிலோமீட்டரில் படும் கல்லைவிட 100-இல் படுவதற்கு வலு ஒன்றரை மடங்குக்கு மேல். முன்வண்டியின் டயர் எறிந்த கல் தரையில் விழ நேரம் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வழக்கமாக இரண்டு நொடி இடைவெளி விடுபவர், புதிதாகச் சல்லி போட்ட சாலையில் நான்கு நொடி விடட்டும். அங்கே முந்தவும் வேண்டாம்.

மட்ஃபிளாப் நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். முன்னது உங்கள் பக்கவாட்டைக் காக்கும், பின்னது பின்னால் வருபவரை. வளைவுக்கு வெளியே துருத்தும் அகல டயர் மாட்டியிருந்தால் மட்ஃபிளாப்பைத் தாண்டித்தான் கல் பறக்கும்.

கேள்வி: பிரஷர் வாஷில் ஃபிலிம் விளிம்பு எழும்பிவிட்டது.

பதில்: முனையை விளிம்புக்கு எதிராகப் பிடித்திருப்பார்கள். குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, ஃபிலிமிலிருந்து வெளிப்பக்கமாக நீர் ஓடும்படி பிடிக்க வேண்டும். எழும்பிய இடத்தில் மண் புகாமல் இருந்தால் ஆல்கஹால் நீர் அடித்து, இளஞ்சூடு காட்டி அழுத்துங்கள், பிடித்துவிடும். மண் புகுந்திருந்தால் அந்த மூலையை ஒட்டியவரிடம் கொடுத்து வெட்டிவிடச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் அடுத்த முறை தண்ணீர் அடிக்கும்போது அந்த மூலையிலிருந்துதான் முழுதும் உரியத் தொடங்கும்.