பழத்தைக் கவனிங்க, மாவு தானா வந்துரும்: காப்லர் கேள்வி பதில்

போன இதழ்ல கோடைப் பழம் வச்சு காப்லர் பண்றதப் பத்தி நாலு வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நெனைக்கவே இல்ல. பாதிப் பேரு சந்தேகம் கேட்டிருக்கீங்க, மீதிப் பேரு திட்டியிருக்கீங்க. திட்டு வாங்கினது நியாயம்தான், ஏன்னா அளவே சொல்லாம விட்டுட்டேன். சரி, ஒவ்வொண்ணா வருவோம்.

அக்கா, காப்லர்னா செருப்பு தைக்கிறவர்னுதான் எனக்குத் தெரியும். இது என்ன பதார்த்தம்? பை, க்ரம்பிள் இதெல்லாம் வேற வேறயா, இல்ல ஒண்ணேதானா?

சிரிச்சுட்டேன் போங்க. ரெண்டும் ஒரே வார்த்தைதான், ஆனா இங்க செருப்பு இல்ல. அடியில வெட்டின பழம், மேல கரண்டியால அள்ளி வச்ச மாவு, அப்படியே ஓவன்ல வேக விடுறது, அவ்வளவுதான் காப்லர். மாவு உருண்டை உருண்டையா உப்பி நிக்கிறப்ப கல்லு பாவின பழைய தெரு மாதிரி இருக்குமாம், அதனால அந்தப் பேருன்னு சொல்வாங்க. அமெரிக்காவுல 19-ம் நூற்றாண்டுலயே பழக்கத்துல இருந்த பலகாரம் இது. பைன்னா அடியிலயும் மாவு தேய்ச்சுப் போடணும், இதுல அந்த வேலை கிடையாது. க்ரம்பிள்னா மாவையும் வெண்ணெயையும் உதிரி உதிரியா பிசிறித் தூவுவாங்க, அதுலயே ஓட்ஸ் சேர்ந்துச்சுன்னா க்ரிஸ்ப். என்னைக் கேட்டா முதல் தடவை ஓவன் தொடுறவங்களுக்கு காப்லர்தான் சரி, ஏன்னா இது கோணல் மாணலா வந்தாதான் அழகு.

கொஞ்சம் பழம், கொஞ்சம் மாவுன்னு எழுதுனா எப்படி மேடம் செய்யறது? முட்டை இல்லாம ஒரே ஒரு அளவு ஒழுங்கா சொல்லுங்க.

மன்னிச்சுக்கோங்க. இதோ, 8 அங்குல சதுர பாத்திரத்துக்கு.

பழம் கொட்டை நீக்கி வெட்டினது 900 கிராம், அதாவது சுமாரா 5 கப். பீச், ப்ளம், செர்ரி, ஆப்ரிகாட், மாம்பழம், பெர்ரி வகை எது வேணா, ரெண்டு மூணு கலந்தும் போடலாம். அதோட சர்க்கரை அரை கப், கார்ன்ஃப்ளார் 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சை சாறு 1 டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இதெல்லாம் போட்டு புரட்டி பாத்திரத்துல கொட்டிருங்க. சர்க்கரையை மட்டும் நான் சொன்ன அளவுக்கே போடாதீங்க, ஒரு துண்டு பழத்தை வாயில போட்டுப் பாருங்க, நல்லா இனிச்சா கால் கப் போதும், ப்ளம் மாதிரி புளிப்பா இருந்தா முக்கால் கப் கூட இழுக்கும்.

மேல போடுற மாவுக்கு மைதா ஒன்றரை கப், அதாவது 180 கிராம், சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். இதுல ஃப்ரிட்ஜ்ல இருந்து அப்பதான் எடுத்த வெண்ணெய் 85 கிராம் சின்னச் சின்னத் துண்டா வெட்டிப் போட்டு விரல் நுனியால பிசிறுங்க. உள்ளங்கை வேண்டாம், கை சூட்டுல உருகிரும். அங்கங்க பட்டாணி சைஸுக்கு வெண்ணெய் தெரியணும், அந்தத் துண்டுதான் ஓவன்ல உருகி ஆவியாகுறப்ப மாவுக்குள்ள இடைவெளி விட்டு மெத்துனு ஆக்கும். கடைசியா ஜில்லுனு பால் 150 மில்லி ஊத்தி ஸ்பூனால ஒரு பத்து கிளறு, உலர்ந்த மாவு தெரியாம போனா போதும், நிறுத்திருங்க. சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சீங்கன்னா க்ளூட்டன், அதாவது மாவுல இருக்கற இழுவைப் புரதம், இறுகிப் போயி மேல ரப்பர்தான் வரும். ஓவன் 190 டிகிரி செல்சியஸ். எத்தனை நிமிஷம்ங்கறத அடுத்த கேள்வியில சொல்றேன், அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க.

மேல நல்லா பொன்னிறமா வந்துச்சு, ஆசையா கரண்டி போட்டா அடியில மாவு பச்சையா கொழகொழன்னு இருக்கு. மூணு தடவை செஞ்சுட்டேன், மூணு தடவையும் இதேதான். ஓவன் கெட்டுப்போச்சா?

ஓவன் மேல பழி போடாதீங்க. வந்த கேள்வியில பாதிக்கு மேல இதுதான், நானும் இதே பள்ளத்துல விழுந்தவதான். முதல் தடவை செஞ்சப்ப 25 நிமிஷத்துல மேல செவந்துருச்சுன்னு வெளிய எடுத்து, வந்திருந்தவங்களுக்கு பரிமாறி, எல்லாரும் மேல்பக்கத்தை மட்டும் கொறிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொன்னாங்க, அந்த மரியாதையை நெனச்சா இன்னிக்கும் கூச்சமா இருக்கு.

விஷயம் என்னன்னா, மாவோட மேல்பக்கத்துக்கு ஓவன் சூடு நேரா படுது, அடிப்பக்கம் ஜில்லுனு இருக்கற ஈரப் பழத்து மேல உக்காந்திருக்கு. அந்தப் பழம் சூடாகி, சாறு விட்டு, அது கொதிக்கற வரைக்கும் அடி மாவு வேகவே வேகாது, அதுக்குள்ள மேல்பக்கம் செவந்து நம்மள ஏமாத்திரும். அதனால பழத்தை மட்டும் முதல்ல ஓவன்ல வச்சு 15 நிமிஷம் விடுங்க, ஓரத்துல சாறு கசிஞ்சு லேசா குமிழி வரும். மாவுல பால் ஊத்திக் கிளறுறத அப்ப பண்ணுங்க, முன்னாடியே கலந்து வச்சா பேக்கிங் பவுடரோட வேகம் பாதி அங்கயே போயிரும். கலந்த கையோட சூட்டுப் பழத்து மேல ஸ்பூன் ஸ்பூனா வைங்க, திரும்ப 25ல இருந்து 30 நிமிஷம். இப்ப அடியில இருந்து ஆவி, மேல இருந்து ஓவன் சூடு, ரெண்டு பக்கமும் வேகும்.

இன்னொண்ணு, மாவை மூடி போட்ட மாதிரி முழுசா பரப்பிராதீங்க. நடுவுல நடுவுல பழம் தெரியற மாதிரி இடைவெளி விட்டாதான் ஆவி வெளிய போகும், இல்லன்னா அந்த ஈரமெல்லாம் மாவுக்குள்ளயேதான் இறங்கும். வெந்துச்சான்னு பாக்க கலரை நம்பாதீங்க, நடுவுல இருக்கற ஒரு உருண்டையை ஃபோர்க்கால லேசா தூக்கி அடியில எட்டிப் பாருங்க, ப்ரெட் மாதிரி இருக்கணும். தெர்மாமீட்டர் வச்சிருக்கவங்க மாவு நடுவுல குத்திப் பாத்தா 93 டிகிரி செல்சியஸ் காட்டணும். மேல சீக்கிரம் கருகற மாதிரி தெரிஞ்சா ஃபாயில் பேப்பரை லேசா மேல வச்சுட்டு மீதி நேரத்தை ஓட்டுங்க.

எனக்கு மாவு வெந்துருது, பழம்தான் சூப் மாதிரி ஓடுது. கார்ன்ஃப்ளார் போட்டும் இப்படி ஏன்?

சூடா இருக்கறப்பவே எடுத்துப் பாத்திருப்பீங்க, சரியா? கார்ன்ஃப்ளார் நல்லா கெட்டியாகணும்னா சாறு கொதிக்கற நிலைக்கு வந்தாகணும், ஓரத்துல மட்டும் குமிழி வந்தா பத்தாது, நடுவுலயும் பொளக் பொளக்னு மெதுவா வெடிக்கணும். அப்புறம் வெளிய எடுத்து அரை மணி நேரம் தொடாம வைக்கணும், ஆற ஆறதான் சாறு இறுகும். இந்த அரை மணி நேரம்தான் முழு ரெசிப்பியிலயே கஷ்டமான பகுதி, வீடு முழுக்க வாசனை வேற.

அப்புறம் எல்லா பழமும் ஒரே அளவு சாறு விடாது. செர்ரி, பெர்ரி, நல்லா பழுத்த பீச் இதெல்லாம் கொட்டும், இதுக்கு 3 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார் வரைக்கும் போகலாம். மாம்பழம் சதைப்பத்தா இருக்கும், ஒன்றரையே ஜாஸ்தி. புளிப்பு அதிகமான பழம்னா அந்த அமிலமே கார்ன்ஃப்ளாரோட பிடிப்பைக் கொஞ்சம் தளர்த்தும், அதுக்கும் சேர்த்து அரை ஸ்பூன் கூடப் போடுங்க. ரொம்பச் சாறு விடுற பழம்னு முன்னாடியே தெரிஞ்சா சர்க்கரை போட்டு அரை மணி நேரம் ஊற வைங்க, சர்க்கரை சாறை வெளிய இழுத்துரும், அந்தச் சாறை மட்டும் வடிச்சு சின்ன பாத்திரத்துல பாதியா சுண்ட வச்சு ஆறவிட்டு திரும்ப பழத்துல ஊத்துங்க. கார்ன்ஃப்ளாரை அதுக்கப்புறம் போட்டாப் போதும். இது நான் பீச்சுக்கு தவறாம பண்றது, ருசி அப்படியே அடர்த்தியா நிக்கும்.

பீச் தோலை உரிக்கணுமா? கத்தியில உரிச்சா பாதி சதை தோலோட போயிருது.

கத்தியே வேண்டாம். அடிப்பக்கம் கத்தி நுனியால சும்மா ஒரு கூட்டல் குறி கீறிட்டு கொதிக்கற தண்ணியில 30 செகண்ட்ல இருந்து 1 நிமிஷம், உடனே ஐஸ் தண்ணி. தோல் கையோட கழண்டு வரும். வரலன்னா பழம் இன்னும் பழுக்கலன்னு அர்த்தம், ரெண்டு நாள் வெளியில வச்சிருந்து செய்யுங்க. நெக்டரின் (வழவழன்னு தோல் இருக்கற பீச் வகை), ப்ளம் இதுக்கெல்லாம் தோல் எடுக்கவே வேண்டாம். செர்ரி கொட்டைக்கு ஒரு கெட்டியான ஸ்ட்ராவால காம்பு இருந்த இடத்துல குத்தித் தள்ளுங்க, அடிப்பக்கமா குதிச்சு ஓடும், வெள்ளைச் சட்டை போட்டுட்டு மட்டும் செய்யாதீங்க.

என் தோழி வெண்ணெயை உருக்கி ஊத்தி, அது மேல மாவு, அது மேல பழம்னு தலைகீழா செய்யறா. அவளுக்கு சூப்பரா வருது, நான் செஞ்சா கேக்கும் இல்லாம கஞ்சியும் இல்லாம ஏதோ ஒண்ணு வருது.

கலக்கிட்டீங்க, அதான. அது வேற வகை காப்லர், அதுக்கு ஒரே சட்டம்தான், கரண்டி உள்ள போகக்கூடாது. 115 கிராம் வெண்ணெயை 9 அங்குல ஆழமான பாத்திரத்துல போட்டு ஓவன்லயே உருக்கிருங்க. மைதா, சர்க்கரை, பால் மூணும் ஒவ்வொரு கப், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு கொஞ்சம், கரைச்சு அந்த வெண்ணெய் மேல ஊத்துங்க, வெண்ணெய் ஓரமா ஏறி வந்து மிதக்கும், பாக்க அசிங்கமா இருக்கும், கை துறுதுறுங்கும், விட்ருங்க. மேல ரெண்டரை கப் பழத்தைத் தூவி 180 டிகிரியில 45ல இருந்து 50 நிமிஷம். வேக வேக மாவு பழத்தைத் தாண்டி மேல வந்துரும், பழம் கீழ போயிரும், ஓரமெல்லாம் வெண்ணெயில பொரிஞ்ச மாதிரி மொறுமொறுன்னு நிக்கும். எனக்கு அந்த ஓரம் மட்டும் போதும், நடுவுல உள்ளத வீட்ல மத்தவங்க சாப்பிட்டுக்கட்டும்.

பேக்கிங் பவுடர் தீர்ந்துபோச்சுன்னு அதே அளவு சமையல் சோடா போட்டேன். ப்ளூபெர்ரியைச் சுத்தி மாவு பச்சை கலராயிருச்சு! பழம் கெட்டுப்போனதா, தூக்கிப் போட்டுட்டேன்.

அய்யோ பாவம், பழம் நல்ல பழம்தான். ப்ளூபெர்ரிக்கு அந்த நிறம் குடுக்கறது ஆந்தோசயனின்னு ஒரு நிறமி, அது புளிப்புல செவப்பா இருக்கும், காரத்தன்மையில (மிளகாய்க் காரம் இல்ல, புளிப்புக்கு நேரெதிரானது) பச்சையா நீலமா மாறும். சோடா காரம், அதைச் சமன் பண்ண மாவுல புளிப்பு எதுவும் இல்லாததால மிச்சமா நின்னு நிறத்தை மாத்திருச்சு. கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா தின்னிருந்தீங்கன்னா சோப்பு கடிச்ச மாதிரி இருந்திருக்கும், அதனால தூக்கிப் போட்டது ஒரு வகையில நல்லதுதான். சோடா மூணு நாலு மடங்கு வீரியம், 2 டீஸ்பூன் பவுடருக்குப் பதிலா அரை டீஸ்பூன் சோடா போதும், பாலுக்குப் பதிலா புளிச்ச கெட்டி மோர் ஊத்துங்க.

ஓவன் இல்லாதவங்க எல்லாம் படிச்சுப் பாத்துட்டு பெருமூச்சு விடணுமா?

கோவத்தைப் பாரு! அடி கனமான, மூடி நல்லா பொருந்துற பாத்திரம் இருக்கா, அது போதும். இந்த அடுப்பு முறைக்கும் பழைய பேரு இருக்கு, க்ரண்ட் அல்லது ஸ்லம்ப்னு சொல்வாங்க, சாறு கொதிக்கறப்ப முனகற மாதிரி சத்தம் வருதுன்னு க்ரண்டாம். அரை கிலோ பழம், சர்க்கரை, கால் கப் தண்ணி விட்டு நல்லா கொதிக்க விடுங்க, இதுக்கு கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன் போதும், அதையும் தண்ணியில கரைச்சு ஊத்துங்க. முதல்ல அளவு சொன்ன வெண்ணெய் பிசிறின மாவுல பாதி அளவு கலந்து ஸ்பூன் ஸ்பூனா கொதிக்கற பழத்து மேல விட்டு, தீயைக் குறைச்சு, மூடி 15ல இருந்து 20 நிமிஷம். நடுவுல திறந்து பாக்கவே கூடாது, ஆவி போச்சுன்னா மாவு அமுங்கிரும். மொறுமொறுப்பும் பொன்னிறமும் வராது, அத எதிர்பாக்காதீங்க, பஞ்சு மாதிரி வெள்ளையா வரும், சாறை உறிஞ்சிக்கிட்டு அது ஒரு தனி ருசி.

ஃப்ரோசன் பழத்துல செய்யலாமா?

தாராளமா. உருக வைக்காம அப்படியே போடுங்க, கார்ன்ஃப்ளார் ஒரு ஸ்பூன் கூடுதலா போடுங்க, பழத்தை மட்டும் வைக்கற முதல் ரவுண்டு 15 நிமிஷத்துக்குப் பதிலா 25, 30 ஆகும், ஓரத்துல குமிழி வந்தாதான் மாவு வைக்கணும்.

ஓவன்ல இருந்து எடுத்து மேடை மேல வச்சேன், கண்ணாடி பாத்திரம் டமார்னு வெடிச்சுருச்சு. மறுபடி கண்ணாடி வாங்கலாமா, அலுமினியமே மேலா?

யாருக்கும் அடிபடலல்ல, அது போதும். மேடை ஈரமா இருந்திருக்கும், இல்ல கல்லு ஜில்லுனு இருந்திருக்கும். திடீர்னு சூடு மாறினா கண்ணாடி ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் சுருங்காது, அதுல விரிசல் விடும். ஓவன்ல இருந்து எடுத்தா கம்பி ஸ்டாண்டு இல்லன்னா மடிச்ச காஞ்ச துணி, அதே மாதிரி ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட சூட்டு ஓவன்லயும் தள்ளாதீங்க. அலுமினியத்துல புளிப்புப் பழம் ரொம்ப நேரம் இருந்தா உலோக வாடை அடிக்கும், பீங்கான் இருந்தா அதுதான் என் ஓட்டு. எதுல வச்சாலும் கீழ்த் தட்டுல ஒரு ட்ரே போட்டு வைங்க, பொங்கி வழியற சாறு ஓவன் அடியில கருகிப் போச்சுன்னா அதைச் சுரண்டுறதுக்குள்ள காப்லர் ஆசையே போயிரும்.

மிச்சம் ஆனத மைக்ரோவேவ்ல சூடு பண்ணா மேல் மாவு சொதசொதன்னு ஆயிருது.

ஆகத்தான் செய்யும், மைக்ரோவேவ் ஈரத்தைச் சூடாக்கும், மொறுமொறுப்பைத் திருப்பிக் குடுக்காது. ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் தாராளமா இருக்கும், சாப்பிடுறதுக்கு முன்னாடி ஓவன்ல 175 டிகிரியில 15 நிமிஷம் வச்சா பழைய நிலைக்கு கிட்டத்தட்ட வந்துரும். நான் அதுகூட பண்றதில்ல, காலையில ஃப்ரிட்ஜைத் திறந்து நின்னுக்கிட்டே ஜில்லுனு ரெண்டு ஸ்பூன், மேல கொஞ்சம் கட்டித் தயிர்.