சாரை விட்டுவிட்டுத் தாத்தாவின் நாயனத்துக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 26 வயது. 11 வருடமாக ஒரே ஆசிரியரிடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு வேலை இல்லாமல் இருந்த இரண்டு வருடம் சார் சம்பளமே வாங்கவில்லை. அவருடைய கச்சேரிகளில் பின்பாட்டு பாடுகிறேன், வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடமான சுர வரிசை சொல்லிக்கொடுப்பதும் நான்தான். என் தாத்தா நாகஸ்வர வித்வான், அவருக்கு முன்னால் இன்னும் மூன்று தலைமுறை. அப்பா அதைத் தொடவில்லை. போன வருடம் பரணிலிருந்து தாத்தாவின் நாயனத்தை எடுத்துத் துடைத்தேன், அன்றிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. தாத்தாவிடம் படித்த பெரியவர் ஒருவர் வேறு ஊரில் இருக்கிறார், 70 வயது தாண்டியவர். "வாம்மா, எனக்கு மூச்சு இருக்கும்போதே வா" என்கிறார். போனால் முழு நேரமாகத்தான் போக வேண்டும். சாரிடம் ஒருமுறை சுற்றி வளைத்துப் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் கோயில் வாசலோட நிக்கிற வாத்தியம், நீ மேடைல உட்கார வேண்டியவ" என்றார். அதற்கப்புறம் வாய் வரவில்லை. நான் செய்ய நினைப்பது துரோகமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: துரோகம் இல்லை. ஆனால் சாருக்குத் தெரியாமல் பெரியவரிடம் ஒரே ஒரு பாடம் எடுத்துக்கொண்டீர்கள் என்றால்கூட அது துரோகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு தவில்காரர் வீடு. சின்ன வயதில் என்னை மிருதங்கத்துக்கு அனுப்பினார்கள், ஒன்பது வருடம் ஒருவரிடமே படித்தேன். கையைப் பிடித்து, விரல் விரலாக வைத்துக் கற்றுக்கொடுத்தவர். 21 வயதில் எனக்குத் தவில் பக்கம் மனது திரும்பியது. அவரிடம் சொல்லத் தைரியம் இல்லை. ஒரு வாரம் காய்ச்சல் என்றேன், அடுத்த வாரம் ஊரில் இல்லை என்றேன், அப்புறம் எதுவும் சொல்லாமலே நின்றுவிட்டேன். நாலைந்து மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் தவிலை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிர் வரிசையில் அவர். கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். போகும்போது பக்கத்தில் வந்து "கை நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், எல்லாம் சரியாகியிருக்கும். அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். என்னை வளர்த்த மனிதருக்கு நான் வேறு வாத்தியத்துக்குப் போன சேதி கல்யாணப் பந்தலில் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்கு ஆறவில்லை. நீங்கள் அதைச் செய்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சார் சொன்ன அந்த வார்த்தை உங்களுக்கு எங்கே வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நாகஸ்வரக்காரர்கள் எத்தனை ஆயிரம் பேர் கூடியிருந்தாலும் நின்றுகொண்டே வாசித்த காலம் உண்டு, பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசித்த காலமும் உண்டு. நாகஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) கிராப் வைத்துக்கொண்டு, கோட்டு போட்டுக்கொண்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்ததை இன்றைக்குக் கதை போலச் சொல்கிறோம். அன்றைக்கு அது சண்டை. உங்கள் தாத்தாவும் அவருடைய அப்பாவும் அந்தக் காலத்து ஆட்கள்தான். அதனால் சாருடைய பேச்சை "ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டார்" என்று விழுங்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சில் தப்பு இருக்கிறது. ஆனால் 11 வருடம் உங்களை வளர்த்தவரை அந்த ஒரு வாக்கியத்தை வைத்து அளந்துவிடாதீர்கள் என்றும் சேர்த்தே சொல்கிறேன். உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம், பின்பாட்டுக்காரப் பிள்ளை போனால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரிதானே.

இன்னொன்று. சாருடைய பாட்டிலேயே நாயனம் இருக்கிறது. வாய்ப்பாட்டு மேதைகளான ஜி.என்.பாலசுப்பிரமணியமும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் ராக ஆலாபனைக்கு நாகஸ்வரத்திடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பது சங்கீதம் கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கோயில் வீதியில் மணிக்கணக்காக ஒரே ராகத்தை ஊதி ஊதி வளர்த்தவர்களிடம் கேட்டுத்தான் மேடைப் பாட்டுக்காரர்கள் நின்று நிதானமாக ராகம் பாடினார்கள். இதைச் சாரிடம் வாதமாக வைக்காதீர்கள், அவருக்கே தெரிந்திருக்கும். உங்கள் மனசுக்காகச் சொல்கிறேன். நீங்கள் எங்கோ வேறு ஊருக்கு ஓடிப்போகவில்லை, கிளையிலிருந்து அடிமரத்துக்கு இறங்குகிறீர்கள். 11 வருடம் சேர்த்த சுருதி ஞானமும் லயமும் ஒரு மூட்டை போல உங்களோடு வரும். நாகஸ்வரப் பாடம் என்பதே முதலில் வாயால் பாடி, அப்புறம் குழலில் ஏற்றுவதுதான். பெரியவர் உங்களை இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை இழுப்பது அந்த ஒலியா, தாத்தாவின் நினைவா? நினைவு மட்டும் என்றால் நாயனத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, கூடத்தில் வைத்தாலே பாதி ஆறும். ஒலி என்றால் ஆறாது. ஏன் கேட்கிறேன் என்றால் முதல் பல மாதங்கள் பாட்டே வராது. வாயில் வைத்து ஊதுகிற சீவாளி உதட்டில் படிய வேண்டும், மூச்சு நிற்க வேண்டும், ஒரே சுரத்தை ஆடாமல் பிடிக்க வேண்டும், 'து, து' என்று நாக்கால் தட்டி ஊதுகிற துத்துக்காரம் பழக வேண்டும். 11 வருடம் பாடி ஆளானவருக்கு மறுபடி அ, ஆ என்று தொடங்குவது லேசான காரியம் இல்லை. தாத்தா மேல் உள்ள பாசம் உங்களைப் பெரியவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடும். மூன்றாவது மாதம், உதடு எரியும்போது, அந்தச் சத்தத்தின் மேல் உள்ள பைத்தியம்தான் உட்கார வைக்கும். பெரியவரிடம் போய் ஒரு வாரம் சும்மா இருந்து பாருங்கள், விடியற்காலையில் அவர் சாதகம் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். வாத்தியத்தைத் தொட வேண்டாம். அதுவும் சாரிடம் சொன்ன பிறகு.

சாரிடம் எப்படிச் சொல்வது? நேரில் போங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், அப்பாவைத் தூது அனுப்ப வேண்டாம். வகுப்பு இல்லாத நாளில், மற்றப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் போய் உட்காருங்கள். "போகலாமா சார்?" என்று கேட்காதீர்கள். மனசுக்குள் முடிவு செய்துவிட்டு அனுமதி கேட்பது அவரை ஏமாற்றுவது, அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? "தாத்தாவோட வாத்தியத்தைக் கத்துக்கப் போறேன் சார், உங்க ஆசீர்வாதம் வேணும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சம்பளம் வாங்காத அந்த இரண்டு வருடத்தை மறக்கவில்லை என்றும் சொல்லுங்கள், அதை இத்தனை நாளும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கோயில் வாசல் பேச்சு வலித்தது என்பதையும் சொல்லலாம், மெதுவாக, ஒரே ஒரு தடவை. அவர் கோபப்பட்டால் பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டால் நமஸ்காரம் பண்ணிவிட்டு வாருங்கள், பதினைந்து நாள் விட்டு மறுபடி போங்கள்.

கை வேலைகளை முடித்துக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்குப் பின்பாட்டு பாடுங்கள், சின்னப் பிள்ளைகளை எடுத்து நடத்த இன்னொரு மாணவரைப் பழக்கிவிடுங்கள், கிளம்பும் தேதியைத் தெளிவாகச் சொல்லுங்கள். சார் சொந்தமாக மெட்டமைத்து உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உருப்படி ஏதாவது இருந்தால், அதை நாயனத்தில் வாசிப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் அப்படிக் கேட்டு வரும் ஒரு போன்தான் பல வருட மௌனத்தை உடைக்கும்.

பரம்பரையா குருவா, இரண்டில் ஒன்றுதான் என்று நினைத்துக் குமையாதீர்கள். ஷேக் சின்ன மௌலானாவை (1924-1999) எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்துக் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுப் பாடமே ஒரு ஆயுளுக்குப் போதும். ஆனாலும் தஞ்சாவூர் பாணி மேல் வந்த ஆசையில் நாச்சியார்கோவில் ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம் படித்தார், பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார், 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். அவருக்கு வீட்டிலிருந்து வெளியே ஆசிரியரைத் தேடிப் போக வேண்டியிருந்தது, உங்களுக்கு வெளியே இருந்து வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. அவர் வழியில் வந்த ஷேக் மகபூப் சுபானியும் அவர் மனைவி காலிஷாபியும் சேர்ந்து வாசித்து 2020-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். நாகஸ்வரம் வாசித்த மதுரை பொன்னுத்தாய் அதற்கெல்லாம் எத்தனையோ காலம் முன்னாலேயே மேடை ஏறிவிட்டார். "பெண் பிள்ளை ஊதுவதா" என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பெயரைச் சொல்லுங்கள், வேறெதுவும் பேச வேண்டாம்.

அப்புறம் அந்தப் பரண் நாயனம். தயவுசெய்து ஆசையில் உடனே ஊதிப் பார்க்காதீர்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்த மரம், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற ஆசாரிமார்கள் இருக்கிறார்கள், 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் முதிர்ந்த மரத்தைத் தேடிப் பிடித்துச் செய்கிறவர்கள், பழைய வாத்தியத்தின் அருமை தெரிந்தவர்கள். அவர்களிடம் காட்டுங்கள். அது குட்டையான திமிரி நாயனமாக இருந்தால் சுருதி உயரத்தில் நிற்கும், இன்று பெரும்பாலும் எல்லாரும் வாசிப்பது நீளமான பாரி. அப்படியானால் நீங்கள் பழக வேறு வாத்தியம் வாங்க வேண்டி வரலாம். தாத்தாவுடையதில்தான் கற்பேன் என்று பிடிவாதம் வேண்டாம். அதை என்ன செய்வது என்று பெரியவர் சொல்வார், அந்த நாயனத்தைத் தாத்தா கையில் பார்த்தவர் அவர்.

அவருக்கு 70 தாண்டிவிட்டது என்பதை மட்டும் மறக்காதீர்கள். யோசித்தது போதும், இந்த மாதமே சாரிடம் போய்ப் பேசுங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிரான சிக்கல். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். எனக்குத் தமிழ் இலக்கியத்தில்தான் ஆசை, கல்லூரியில் ஒரு பேராசிரியர் என்னைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார். "அவரை விட்டுவிட்டு வா, உன்னோடு இந்தக் கை நின்றுபோகக் கூடாது" என்று அப்பா தினமும் சொல்கிறார். என்ன செய்ய?
- 20 வயது வாசகர்

பதில்: தம்பி, நானும் தவில்காரன்தான், உங்கள் அப்பாவின் பயம் எனக்குப் புரியும். ஆனாலும் நீங்கள் பேராசிரியரிடமே இருங்கள்.

உ.வே.சாமிநாதையரின் அப்பா ஒரு சங்கீத வித்வான், கனம் கிருஷ்ணையரின் சீடர். மகனும் சங்கீதத்தில் வர வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை. மாயவரத்தில் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் விருப்பப்படி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டும் கற்றார். அது தெரிந்ததும் பிள்ளையவர்கள், சங்கீதத்தில் அதிகம் போனால் தமிழ்ப் படிப்பு கெடும் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார், இவர் பாட்டை நிறுத்திவிட்டார். அப்படி நின்ற பையன்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அன்று அப்பாவின் வழிக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது. அதே மனிதர் பிற்காலத்தில் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் இருவருடைய வாழ்க்கை வரலாறுகளையும் எழுதினார். அப்பாவின் சங்கீதத்துக்கு அவர் செய்த கைம்மாறு என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

உங்களாலும் அப்படி ஒன்று முடியும். அப்பாவுக்குத் தெரிந்த சொற்கட்டுகள், மோராக்கள், கோர்வைகள் என்ற தாளக் கட்டுகள், யார் யாருக்கு வாசித்தார், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது, எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், போனில் பதிவும் செய்யுங்கள். தமிழ் படித்த பிள்ளை வீட்டில் இருப்பதால்தான் அது நடக்கும், அப்பாவுக்கு அதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் கிளம்பும்போது கூடவே போங்கள். தாளம் போட ஆள் குறைந்தால் நீங்கள் உட்காருங்கள்.